37 பேருக்குப் போன நெத்திலி மெயில்: லோக்கல் மெயில் சர்வரில் சோதிப்பது எப்படி

பாம்பனில் மச்சான் கருவாடு வியாபாரம் செய்கிறார். அவருக்கு இணையதளம் எழுதிக் கொடுத்தது நான்தான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் கடையில் கூட்டம் குறையும்; தளத்தில் கை வைக்க எனக்கும் நேரம் கிடைக்கும்.

அப்படித்தான் ஒரு தடைக்காலத்தில், மண்டபத்தில் வீட்டில் உட்கார்ந்து, ‘உங்கள் பார்சல் அனுப்பப்பட்டது’ மெயிலின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். நிஜ வாடிக்கையாளர் பட்டியலை லேப்டாப்பில் பிரதி எடுத்திருந்தேன். பெறுநர் இடத்தில் என் முகவரியைத்தான் போட்டேன். பட்டனைத் தட்டிய பத்து நிமிடத்தில் மச்சானிடமிருந்து போன்.

“மாப்ள, ஒரு அம்மா கூப்பிட்டு, நான் வாங்கவே இல்லியே, எந்த நெத்திலிய அனுப்புனீங்கங்கறாங்க. என்ன பண்ணி வச்சிருக்க?”

மொத்தம் 37 பேருக்குப் போயிருந்தது. என் முகவரியைப் போட்டும் எப்படிப் போனது என்பது புரிய எனக்கு ஒரு ராத்திரி ஆனது. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். பைத்தானும் டெர்மினலும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. மெயில்பிட்டை ஓட்டுங்கள்

மெயில்பிட் என்பது சோதனைக்காக நம் கணினியிலேயே ஓடும் மெயில் சர்வர். ஒரே ஒரு ஃபைல். இறக்கி ஓட்டினால் போதும். 1025-ஆம் போர்ட்டில் மெயிலை வாங்கிக்கொள்ளும்; 8025-ஐ பிரவுசரில் திறந்தால் வந்ததையெல்லாம் காட்டும். நண்டுக்கூடு மாதிரி, உள்ளே போனது வெளியே போகாது. இணைய இணைப்பே தேவையில்லை என்பது இந்தக் கரையில் சின்ன விஷயமில்லை. காற்று கொஞ்சம் பலத்தால் எங்கள் தெருவில் முதலில் போவது நெட்தான்.

இதே வேலைக்கு முன்பு மெயில்ஹாக் வைத்திருந்தேன். அதற்குப் பல வருடங்களாகப் புது வெளியீடு இல்லை. இதே மாதிரியான மெயில்கேட்சருக்கு ரூபி மொழி வேண்டும், எனக்குப் பொறுமையில்லை. பழைய குறிப்புகள் பைத்தானோடு வந்த எஸ்எம்டிபிடி என்ற மெயில் சர்வர் மாட்யூலை ஓட்டச் சொல்லும். 3.12 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள், தேடாதீர்கள்.

2. சர்வரிடம் கையால் பேசுங்கள்

கோட் எழுதும் முன் இதை ஒரு தடவையாவது செய்யுங்கள். டெர்மினலிலிருந்து சர்வரோடு பேச உதவும் டெல்நெட் அல்லது நெட்கேட் வழியாக 1025-ஐத் தொட்டால் 220 என்று வணக்கம் வரும். நீங்கள் ‘ஹெலோ’ என்றும் உங்கள் கணினியின் பெயரையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அடிக்கும்போது இந்த ஹெலோவுக்கு எல் ஒன்றுதான். பழக்க தோஷத்தில் இரண்டு போட்டு 500 என்ற பிழை எண்ணை வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் ‘மெயில் ஃப்ரம்’, அனுப்புநர் முகவரியோடு. பிறகு ‘ஆர்சிபிடி டூ’, பெறுநர் முகவரியோடு. இரண்டுக்கும் 250 வந்தால் சரி. ‘டேட்டா’ என்றால் 354 வரும். இனி கடிதத்தை எழுதலாம். தலைப்பு வரிகள், ஒரு வெற்று வரி, பிறகு உள்ளடக்கம். கடைசியில் ஒரு வரியில் புள்ளி மட்டும் வைத்து என்டர் தட்டினால் கடிதம் முடிந்தது.

3. உறை வேறு, கடிதம் வேறு

நான் விழுந்த பள்ளம் இது. ‘டேட்டா’வுக்குப் பிறகு, கடிதத்துக்குள் ‘டூ’ என்று ஒரு வரி எழுதுகிறோமே, அதை வைத்து சர்வர் யாருக்கும் மெயில் அனுப்புவதில்லை. அது வெறும் காட்சிக்கு. மெயில் யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்வது முன்பே சொன்ன ‘ஆர்சிபிடி டூ’. தபால்காரர் உறையின் மேல் உள்ள முகவரியைப் பார்ப்பார்; உள்ளே ‘அன்புள்ள மாமாவுக்கு’ என்றிருப்பதா அவருக்குத் தெரியும்?

பைத்தானின் ‘சென்ட்மெயில்’ ஃபங்ஷன் உறைக்கான பட்டியலைத் தனியாகக் கேட்கும். நான் மாற்றியது கடிதத்துக்குள் இருந்த வரியை. உறைப் பட்டியல் டேட்டாபேஸிலிருந்து அப்படியே போனது. ‘சென்ட்மெசேஜ்’ பயன்படுத்தினால், தனியாகப் பட்டியல் கொடுக்காதவரை, கடிதத்தின் தலைப்பு வரிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எனக்கு இப்போது அதுதான் பிடிக்கும்.

கையாலேயே சோதித்துப் பாருங்கள்: உறையில் மூன்று முகவரி, கடிதத்தில் ஒன்று. கடிதத்தில் இல்லாத மற்ற இரண்டையும் மெயில்பிட் ‘பிசிசி’ (மற்றவருக்குத் தெரியாமல் பெறுபவர்) என்று காட்டும். அன்றைக்கு இது ஓடிக்கொண்டிருந்தால், பிசிசியில் வரிசையாக முகவரிகளைப் பார்த்து அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

கூடவே இன்னொன்று. பிரதி எடுத்த டேட்டாபேஸில் எல்லா முகவரியையும் ‘டாட் டெஸ்ட்’ என்று முடியும்படி மாற்றிவிடுங்கள். சோதனைக்காகவே 1999-இல் ஒதுக்கி வைத்த முடிவு அது. நிஜத்தில் யாருக்கும் கிடையாது.

4. வேண்டுமென்றே தோற்கடியுங்கள்

மெயில்பிட்டில் ‘கேயாஸ்’ என்றொரு வசதி. அதை இயக்கினால், நீங்கள் சொல்லும் விகிதத்தில் பிழை எண்களைத் திருப்பி அனுப்பும். 4-இல் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயலலாம். 5-இல் தொடங்கினால் விட்டுவிட வேண்டும். என் கோட் 550 வந்த பிறகும் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. நிஜ சர்வரில் செய்திருந்தால் நம்மை ஸ்பேம் ஆள் என்று முத்திரை குத்தியிருப்பார்கள்.

பின்சேர்க்கை 1: தொண்டியிலிருந்து ஒருவர், ‘இணைப்பு மறுக்கப்பட்டது என்றே வருகிறது’ என்று எழுதியிருந்தார். அவருடைய ஆப் டாக்கர் கண்டெய்னருக்குள், அதாவது லேப்டாப்பிலேயே தனியாகப் பிரித்த ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்பது ‘இதே கணினி’ என்று சொல்லும் பெயர்; கண்டெய்னருக்குள் அப்படிச் சொன்னால் அந்தக் கண்டெய்னர்தான், உங்கள் லேப்டாப் இல்லை. மெயில்பிட்டையும் அதே கம்போஸ் ஃபைலில் (கண்டெய்னர்களைப் பட்டியலிடும் ஃபைல்) ஒரு சர்வீஸாகப் போட்டு, அந்த சர்வீஸின் பெயரையே ஹோஸ்டாகக் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் பிழை வருகிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். மெயில்பிட் சாதாரணமாக ஓடும்போது லாகின் வசதியையே அறிவிக்காது. பைத்தான் அங்கேயே நின்றுவிடும். லோக்கலில் இரண்டையும் காலியாக விடுங்கள்.

பின்சேர்க்கை 3: தமிழில் எழுதிய சப்ஜெக்ட் வரியின் நடுவில் கேள்விக்குறிக் கட்டம் வருகிறதா? அந்த வரியைத் துண்டு துண்டாகக் குறியாக்கம் செய்கிறார்கள். குறியாக்கிய ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் நம் ‘நெத்திலி’க்கு மட்டும் 8 குறியீடு, 24 பைட். ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டினால் அந்த இடம் சிதையும். கையால் வெட்டாமல் பைத்தானின் ‘ஈமெயில்மெசேஜ்’ கிளாஸிடம் விட்டுவிடுங்கள். பிறகு 8025-இல் அந்த மெயிலைத் திறந்து, மூல வடிவத்தையும் ஒரு கண் பாருங்கள்.