அடுத்த ஊரடங்கு வருவதற்குள் பெண்கள் செய்து வைக்க வேண்டியவை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள், பூ கட்டி விற்கிறவர்கள் என்று எத்தனையோ பெண்களுக்கு வருமானம் ஒரே நாளில் நின்றது. நுண்கடன் கம்பெனிகளில், அதாவது சிறு கடன் கொடுக்கும் கம்பெனிகளில், பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய குழுக் கடன் மட்டும் நிற்கவில்லை. அதனால் கடனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த வருஷம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. தள்ளிவைப்பு என்றால் தள்ளுபடி என்று பலர் நினைத்துவிட்டார்கள். இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிலுவை 30,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600, ஆறு மாதத்தில் 3,600 ரூபாய் கூடிவிடும். அரிசி வாங்கவே காசில்லை என்றால் தயங்காமல் அவகாசம் கேளுங்கள். கொஞ்சம் வருமானம் வருகிறது என்றால் வட்டியை மட்டுமாவது கட்டிக்கொண்டு வரலாமா என்று கேளுங்கள். எது முடிவானாலும் தவணை குறிக்க கம்பெனி கொடுத்த கடன் அட்டையில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கம்பெனியில் கடன் வாங்காதீர்கள், கந்துவட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

வசூலுக்கு வருகிறவர் வாசலில் நின்று சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

அடுத்தது உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. அப்போது பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் மத்திய அரசு போட்டது. சின்னத் தொகைதான், ஆனால் வீட்டுக்காரர் கைக்குப் போகாமல் நேராக வந்த பணம். இரண்டு வருஷம் எதுவும் போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கிவிடும், அதனால் அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும்.

வேலைக்கு ஆதாரம் சேர்த்து வையுங்கள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. பதிவு செய்யுங்கள், பதிந்தவர்கள் புதுப்பித்து வையுங்கள். 2020-ல் கட்டுமானம், ஆட்டோ போன்ற வாரியங்களில் பதிந்திருந்தவர்களுக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தபோது வாரிய அட்டை இல்லாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. சம்பளத்தை முடிந்தவரை வங்கி வழியாக வாங்குங்கள்.

உடம்பைத்தான் நாம் எப்போதும் கடைசியில் வைக்கிறோம், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. ஊரடங்கின் முதல் நாட்களில் நாப்கின் அத்தியாவசியப் பொருளா இல்லையா என்பதே தெளிவாக இல்லை. பள்ளி மூடியதும் அங்கே இலவசமாகக் கிடைத்ததும் பல பிள்ளைகளுக்கு நின்றது. இரண்டு மூன்று மாதத்துக்கானதை வாங்கி வையுங்கள், இல்லையென்றால் சுத்தமான பருத்தித் துணி, நன்றாகத் துவைத்து வெயிலில் காய வைத்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தீருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பெயர் இருந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். கருத்தடை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவர் நம்பர் போனில் இருக்கட்டும். கர்ப்பிணிகள் தொற்றுக்குப் பயந்து செக்கப்பைத் தள்ளிப்போடவே கூடாது: ரத்தப்போக்கு, கண் மங்கல், கடுமையான தலைவலி, குழந்தை அசைவு குறைவு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே 108.

வீட்டுக்குள் அடி உதை இருக்கிறது என்றால் ஊரடங்கில் அது கூடும், வெளியே ஓடவும் வழி இருக்காது. 181 மகளிர் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவிடம் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் நகல்களையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்து வையுங்கள். போனில் பேச முடியாதபோது "சீனி இருக்கா அக்கா?" என்று கேட்டால் உடனே 181-க்கு அடித்துச் சொல்ல வேண்டும் என்று அவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.