புது மெஷின் வருமுன் ஆட்களைத் தயார் செய்வது எப்படி? இருபது பேர் பட்டறைக்கு ஒரு செய்முறை

கோவையில் கணபதி பக்கம் இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் பட்டறை எங்களுடையது. பெரும்பாலும் டூவீலர், கார் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்து கொடுப்பது. முதல் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) வாங்கியபோது, இருப்பதிலேயே சுறுசுறுப்பான பையனாகப் பார்த்து ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினோம், அவனும் நன்றாகவே கற்றுக்கொண்டு வந்தான், மூன்றாம் மாதம் நாலாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று வேறு இடத்துக்குப் போய்விட்டான். மெஷின் பதினொரு நாள் துணி போர்த்தி நின்றது. இஎம்ஐ நிற்கவில்லை.

அவன்மேல் தப்பில்லை. ஒரே ஆளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது என் தப்பு. அதற்கப்புறம் தட்டுத்தடுமாறி நாங்கள் பிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு ஹெச்ஆர் துறையெல்லாம் வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர், பென்சில், வாரம் இரண்டு மணி நேரம், கொஞ்சம் பொறுமை.

1. என்ன மாறப்போகிறது என்று பாகம் பாகமாக எழுதுங்கள்

"காலம் மாறுது" என்று பொதுவாக யோசித்தால் ஒன்றும் பிடிபடாது. போன வருட இன்வாய்ஸ்களை எடுத்து, எந்தப் பாகம் எவ்வளவு போயிருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே கேள்வி: பேட்டரி வண்டியில் இது இருக்குமா? பிஸ்டன் பின், வால்வு கைடு, கேம் ஷாஃப்ட், சைலன்சர் சம்பந்தப்பட்டவை இருக்காது. பிரேக், சஸ்பென்ஷன், வீல் ஹப் இருக்கும். மோட்டார் ஷாஃப்ட், அலுமினிய ஹவுசிங் மாதிரி சில வேலைகள் புதிதாக வரும். போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் ஏத்தர் என்று பக்கத்திலேயே பேட்டரி ஸ்கூட்டர் செய்கிறார்கள், அதனால் நமக்கு வர நாளாகும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

தெரிந்தவர் ஒருவர் கார்புரேட்டர் பாகம் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தார். 2020-ல் என்னிடம் "ஆர்டர் திடீர்னு நின்னுபோச்சுங்க" என்றார். வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தால் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வரும். அந்த விதி 2020 ஏப்ரல் 1 முதல் என்று 2016 ஜனவரியிலேயே அரசு சொல்லிவிட்டது. நாலு வருடம் இருந்தது அவருக்கு.

2. யாருக்கு என்ன தெரியும் என்று சார்ட் போடுங்கள்

இடது பக்கம் பெயர்கள். மேலே வேலைகள்: லேத், டிரில்லிங், டிராயிங் படிப்பது, மைக்ரோமீட்டர், சிஎன்சி லோடிங் (பீஸை மாட்டிக் கழற்றுவது), ஆஃப்செட் (அளவு பிசகினால் மெஷினில் எண்ணைத் திருத்துவது), செட்டிங் (புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்வது), புரோகிராம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம் போட்டு நாலாகப் பிரியுங்கள். கூட நின்று உதவத் தெரிந்தால் கால் வட்டம், யாராவது பார்த்துக்கொண்டால் செய்வார் என்றால் அரை, தனியாகச் செய்வார் என்றால் முக்கால், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்றால் முழு வட்டம்.

அவரவர் வாயால் கேட்டு நிரப்பாதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், சின்னப் பையன்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, முப்பது வருடம் லேத் ஓட்டியவர் தனக்கு "சுமாராத்தான் வரும்" என்றார். கண் முன்னால் ஒரு பீஸ் செய்து காட்டச் சொல்லி அப்புறம் நிரப்புங்கள்.

இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த வேலையிலாவது முக்கால் வட்டம் வாங்கியவர் இரண்டு பேர்கூட இல்லையென்றால் அங்கே சிவப்பு மார்க்கர். எங்கள் சார்ட்டில் ஆஃப்செட், செட்டிங், புரோகிராம் மூன்றும் சிவப்பு.

3. வேலை போகுமா என்ற கேள்விக்கு முதலில் பதில்

அவர்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் டீக்கடையில் அதைத்தான் பேசுவார்கள். நாங்கள் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னோம்: ஐந்து பழைய லேத்தில் இரண்டுதான் இருக்கும், போகிற மூன்றை ஓட்டிய மூன்று பேரும் இங்கேதான் இருப்பார்கள், எந்த மெஷினுக்குப் போகிறார்கள் என்பது இதோ. செய்ய முடியாததைச் சொல்லிவிடாதீர்கள், பட்டறையில் ஒரு பொய் பத்து வருடம் நிற்கும்.

கூடவே வட்டத்துக்குப் பக்கத்தில் ரூபாயும் எழுதிவிடுங்கள். முக்கால் வந்தால் சம்பளத்தில் எவ்வளவு கூடும், முழுசு வந்தால் எவ்வளவு என்று. அந்தப் பையன் போனது அந்த நாலாயிரத்துக்குத்தான்.

4. வயதில் மூத்தவரை முதல் பேட்ச்சில் சேருங்கள்

பழைய லேத் ஓட்டும் எங்கள் டர்னர் அண்ணனுக்கு அப்போது 54 வயது. "எனக்கு எதுக்குங் தம்பி, சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். மெஷின் பயமோ என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, ஸ்கிரீனில் இருக்கும் இங்கிலீஷ்தான் கூச்சம். இருபது பட்டனுக்குத் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டினோம். அவ்வளவுதான். இன்செர்ட் (வெட்டும் முனை) மழுங்குவதை அவர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார், ஐடிஐ முடித்து வந்த பெண்ணுக்கு மெனு எல்லாம் அத்துப்படி, இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தபோதுதான் பயிற்சி சூடு பிடித்தது.

5. சொல்லிக்கொடுக்கும் விதம்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்கள் குவிந்தபோது ஒரு பயிற்சி முறை வந்தது, போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அதை வைத்து நாங்கள் ஒரு தாளில் மூன்று பத்தி போடுகிறோம்: என்ன செய்யணும், எங்கே கவனம், ஏன். மூன்றாவது பத்திதான் நாமெல்லாம் விட்டுவிடுவது.

எங்கள் ஆஃப்செட் தாளைப் பாருங்கள். டிராயிங்கில் விட்டம் 25.00 மி.மீ., பீஸ் அளந்தால் 25.04. செய்யவேண்டியது: எக்ஸ் கட்டத்தில் -0.04 அடித்து '+இன்புட்' அழுத்து. கவனம் ஒன்று: புள்ளிக்கு அப்புறம் சைபர். ஏன்: -0.4 அடித்தால் அடுத்த பீஸ் 24.64, நேராக ஸ்கிராப். கவனம் இரண்டு: வெறும் 'இன்புட்' அழுத்தாதே. ஏன்: எங்கள் மெஷினை இயக்கும் ஃபானுக் கன்ட்ரோலில் அது பழைய எண்ணை அழித்துவிடும், ஏற்கனவே -0.12 இருந்திருந்தால் பீஸ் 25.12 ஆகிவிடும். இந்த இரண்டு தப்பும் எங்கள் பட்டறையில் நடந்தவை, அதனால்தான் தாளில் இருக்கின்றன.

முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம் அவர் செய்யட்டும், செய்யும்போதே ஏன் என்று வாயால் சொல்லட்டும். சக்கில் (பீஸைப் பிடிக்கும் இடம்) ஜாப் மாட்டாமல், சிங்கிள் பிளாக்கில் (புரோகிராம் ஒவ்வொரு வரியாக நின்று ஓடும்), ரேபிட் ஓவர்ரைடை, அதாவது டூல் வெட்டாமல் நகரும் வேகத்தை, 25 சதவீதத்தில் வைத்து ஓடவிடுங்கள். கை நடுக்கம் போக இரண்டு வாரம் ஆகும்.

நேரத்தை ஷிஃப்டுக்குள்ளேயே ஒதுக்குங்கள். எங்களுக்குப் புதன்கிழமை இரண்டிலிருந்து நாலு. நாற்பது பீஸ் குறையும், குறையட்டும். ஷிஃப்ட் முடிந்து நிற்கச் சொன்னால் பஸ்ஸைப் பார்ப்பார்களா, ஆஃப்செட்டைப் பார்ப்பார்களா?

6. வெளி உதவி

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புது மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அப்ரெண்டிஸ்களை எடுத்தால், 2016-ல் வந்த என்ஏபிஎஸ் என்ற தேசிய அப்ரெண்டிஸ் ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையின் ஒரு பங்கை மத்திய அரசு தரும். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரெண்டிஸ் எடுப்பது கட்டாயம், நம்மைப் போன்ற சின்னப் பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம்.

கடைசியாக, சார்ட்டை ஆபீஸ் ரூமில் மாட்டாதீர்கள். எங்களுடையது கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை திருத்துகிறோம், ஆறு மாதத்தில் எண்ணெய்க் கை பட்டுக் கறுத்துவிடும், அப்போது புதுசு. போன முறை புதுசு போடும்போது டர்னர் அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விஎம்சி-க்கும் ஒரு கட்டம் போட்டுருங் தம்பி" என்றார். விஎம்சி, அதாவது சிஎன்சி மில்லிங் மெஷின், இன்னும் வாங்கவில்லை, கட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.