அவருக்கு எச்.ஐ.வி, எனக்கு இல்லை: ஒரே பாயில் படுக்கிறது எப்படி

முதலில் தட்டையும் கோப்பையையும் வேறாக்கிறதை விடுங்கோ. என்ர மனிசனுக்கு எச்.ஐ.வி இருக்கு. எனக்கு இல்லை. ஒரே கிணற்றடியில் குளிக்கிறம், ஒரு சட்டிக்குள் சாப்பிடுறம். அவர் குடிச்ச மிச்சத் தேத்தண்ணியை மாமி குடிக்கிறா (அவவுக்கு விசயம் தெரியாது, தெரியத் தேவையுமில்லை). நுளம்பாலோ முத்தத்தாலோ வியர்வையாலோ இது தொற்றாது. கவனம் தேவைப்படுகிற இடம் படுக்கை. அதைத்தான் எழுதப் போறன். வெட்கப்படுகிறவை இதோட நிற்பாட்டலாம்.

இவருக்கு இருக்கிறது வெளிநாட்டுக்குப் போக எடுத்த மெடிக்கலில்தான் தெரிஞ்சது. எப்படி வந்தது என்ற சண்டையை எப்ப வேண்டுமெண்டாலும் பிடிக்கலாம். உங்கட இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவணை போட ஏலாது. கிருமி உடம்புக்குள் போன உடனே பரிசோதனையில் காட்டாது. ஆய்வுகூடத்தில் செய்கிற புது வகைப் பரிசோதனைக்குக் கடைசி உறவிலிருந்து 45 நாள் வேணும். விரல் நுனியில் குத்திப் பார்க்கிறதுக்கு 3 மாதம். அதற்கு முன் "இல்லை" என்று வந்தால் திரும்பவும் எடுக்க வேணும்.

இலங்கையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிற பாலியல் நோய் கிளினிக்குக்குப் போங்கோ. வேற டொக்டரின் துண்டு தேவையில்லை, காசும் இல்லை. தெரிஞ்ச முகம் கண்டுவிடும் என்ற பயம் இருந்தால் அடுத்த மாவட்டத்துக்குப் போங்கோ. நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம், ஆனால் கிளிநொச்சியை விட்டுட்டு வவுனியாவுக்குத்தான் பஸ் ஏறுறது. டவுனில் ஆயிரம் அலுவல், ஏன் போறியள் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை.

இனி குளிசை. ஒழுங்காகக் குடிச்சால் இரத்தத்தில் கிருமி குறைஞ்சு குறைஞ்சு பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு வரும். இரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கு என்ற கணக்கைத்தான் வைரல் லோட் என்கினம். அது இரத்தம் ஒரு மில்லிலீற்றருக்கு 200 கிருமிப் பிரதிகளுக்குக் கீழே இருந்து, குளிசையும் தவறாவிட்டால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது. குறைவாகத் தொற்றும் என்றில்லை, தொற்றவே தொற்றாது. நானும் முதலில் நம்பேல்லை. பார்ட்னர் ஆய்வு என்று 2016இல் ஒன்று வெளிவந்தது. ஐரோப்பாவில் 888 சோடிகள், ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 58,000 தடவை. அதில் 11 பேருக்கு எச்.ஐ.வி வந்ததுதான், ஆனால் கிருமியின் மரபைப் பிரிச்சுப் பார்த்தால் ஒன்றுகூட வீட்டுத் துணையிடமிருந்து வரேல்லை. வெளியில் போய் வாங்கினது! எனக்கு அந்தப் பதினொன்றுதான் முழு நம்பிக்கையைத் தந்தது.

அதனால் கிளினிக்கில் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொன்னவுடன் எழும்பி வராதேங்கோ. எண் எத்தனை, எந்தத் திகதி எடுத்தது என்று கேட்டு எழுதி வையுங்கோ. சிடி4 என்று இன்னொரு எண்ணும் சொல்லுவினம், அது நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, குழம்ப வேண்டாம். சிடி4 கூட இருக்கிறது நல்லது, வைரல் லோட் குறைய இருக்கிறது நல்லது. தொற்றுக்குப் பார்க்கிறது வைரல் லோட்டைத்தான்.

குளிசை தொடங்கி அந்த அளவுக்கு இறங்க 6 மாதம் வரை எடுக்கலாம். அதுவரை ஒவ்வொரு தடவையும் ஆணுறை. தேங்காயெண்ணெய் பூசக் கூடாது, றப்பர் இளகிக் கிழியும். தேவையெண்டால் தண்ணித் தன்மையான ஜெல் இருக்கு. மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழே ஒளிச்சு வைக்கிற ஆம்பிளையளுக்கு: எங்கட வெயிலில் அது அவிஞ்சு போகும். மருந்தில்லாத நிலையில் பின்வழி உறவில்தான் ஆபத்து கூட. வாங்குகிற பக்கத்துக்கு 10,000 தடவைக்கு 138 என்று கணக்கு, யோனிவழி உறவில் 8. எட்டுத்தானே என்று நினையாதேங்கோ, அது சராசரி. தொற்றின புதிதிலும், பிறப்புறுப்பில் புண் இருக்கிற நேரத்திலும் ஏறும்.

ஆணுறை கிழிஞ்சால் துணைக்கு 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேணும், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் குடிக்க வேணும். வெள்ளி இரவு நடந்தால் திங்கள் கிளினிக் திறக்கட்டும் என்று இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கோ. இதைவிட, தொற்றில்லாத ஆள் முன்கூட்டியே தினமும் குடிக்கிற பிரெப் என்ற குளிசையும் இருக்கு. அவரின் எண் இறங்கும் மட்டும் அது நல்ல காவல். தொடங்க முன் சிறுநீரகமும் ஈரல் அழற்சி பி-யும் பார்ப்பினம்.

குளிசையைத் தவற விடுகிறது பெரும்பாலும் வீட்டில் இல்லை, வயலில். காலபோகத்தில் யானைக் காவலுக்குப் பரணில் படுக்கிறவர், நேரம் வந்தால் குளிசை வீட்டில் கிடக்கும். நாங்கள் நேரத்தையே மாத்திக் காலைச் சாப்பாட்டோடு வைச்சம். மறந்தால் நினைவு வந்தவுடன் ஒன்று, அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. இப்ப கனபேருக்குக் கொடுக்கிற மருந்துக்குள் டொலூடெகிராவிர் இருக்கு. அலுமினியம், மக்னீசியம் கலந்த காஸ்ரிக் மருந்து, இரும்புச்சத்து, கல்சியம் எல்லாம் அதைப் பிடிச்சு வைச்சுவிடும், ஆனபடியால் எச்.ஐ.வி குளிசை 2 மணித்தியாலம் முந்தி அல்லது 6 மணித்தியாலம் பிந்தி. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குடிச்சாலும், காசத்துக்கு மருந்து எடுத்தாலும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. அளவு மாத்த வேண்டி வரும்.

எண் இறங்கினால் எச்.ஐ.வி தொற்றுகிறது மட்டும்தான் நிற்கும். சிபிலிஸ், கொனோறியாவுக்கு அது வேலி இல்லை, கர்ப்பத்துக்கும் இல்லை. பிள்ளை வேணும் என்றால் எண் இறங்கினபிறகு சாதாரணமாகவே பெறலாம். தாய்க்கு எச்.ஐ.வி என்றாலும் வழி இருக்கு. தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறதை இலங்கை ஒழிச்சதென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று கொடுத்தது. தாய்ப்பால் பற்றி மட்டும் கர்ப்ப காலத்திலேயே கிளினிக்கில் கேட்டு முடிவெடுங்கோ.

கடைசியாக மழை. கார்த்திகை, மார்கழியில் குளம் வான் பாய்ஞ்சால் ரோட்டு அறும், கிளினிக் நாள் தவறும். ஐப்பசியிலேயே சொல்லிக் கூட மருந்து கேட்டு வாங்குங்கோ. அப்படியும் நாள்கணக்காகக் குளிசை விடுபட்டால், அடுத்த பரிசோதனையில் எண் வரும் வரைக்கும் திரும்பவும் ஆணுறைதான்.