பழைய வரைபடத்தை ஓடையில் பொருத்தாதீர்கள்

மலையில் பழைய வழித்தடங்களைத் தேடும் எங்கள் களப்பணிக்குச் சென்ற மாதம் புதிதாக வந்த இருவர், பழைய நில அளவை வரைபடம் ஒன்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இரண்டிலும் ஒரே இடம் என்று கொண்டு பொருத்தும் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது: ஓடைகள் கூடும் இடம், ஓடை வளைவு, பனியாற்றின் நுனி. நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். பேட்டரி தீர்வது, குறிப்பேடு நனைவது போன்ற தவறுகள் ஒருமுறை பட்டால் புரிந்துவிடும், அவற்றை விட்டுவிட்டு மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

நகர்வதை நம்பிப் பொருத்துவது

மலை ஓடை ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒரு பெருமழையில் சரியும் மண் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். பனியாறு உருக உருக அதன் நுனி மேலே போய்விடும். இவற்றை வைத்துப் பொருத்தினால் வரைபடமே கோணிக்கொள்ளும். வளைத்துப் பொருத்தும் முறையில் மென்பொருள் பிழை பூஜ்யம் என்றுகூடக் காட்டும். நாம் வைத்த புள்ளிகளில் படம் உட்கார்ந்துவிட்டது, அதற்கு அவ்வளவுதான் பொருள்.

ஒரு கணவாய்க்குப் பொதிவிலங்குகள் ஏறிய தடத்தை அப்படித்தான் குறித்தேன். மூன்று நாள் அலைந்தும் கிடைக்கவில்லை. ‘நிலச்சரிவில் அழிந்தது’ என்று அறிக்கை எழுதினேன். மறு ஆண்டு, எதிர்ச்சரிவில் நின்றபோது மாலைச் சாய்வெயிலில் அந்தத் தடம் கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. நான் குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 60 மீட்டர் மேலே, தாங்குசுவரோடு இருந்தது. அதற்குள் என் அறிக்கையை நம்பி அங்கே வண்டிப்பாதை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். சுவரில் ஒரு பகுதி போய்விட்டது. இன்றும் ஆறவில்லை எனக்கு.

முகட்டு உச்சி, நிலத்தோடு ஒன்றிய தாய்ப்பாறை முனை, நில அளவையாளர்கள் குறித்துவைத்த முக்கோண அளவை நிலையம், பழைய கட்டடத்தின் மூலை ஆகியவற்றை எடுங்கள். இரண்டு மூன்று புள்ளிகளைப் பொருத்தாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அவற்றைக் கொண்டு சரிபாருங்கள்.

டேட்டம் குறிக்காத அட்சரேகை, தீர்க்கரேகை

எந்தப் புவி மாதிரியை அடிப்படையாகக் கொண்டு அளந்தோம் என்பதுதான் டேட்டம். அது இல்லாத எண்கள் பிறகு யாருக்கும் பயன்படாது. எழுதிவிடுங்கள்.

உச்சிவெயிலில் தேடுவது

நிழல் விழாது, தடத்தின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ போங்கள்.

பனியில் வெளிப்பட்டதைப் பெயர்த்தெடுப்பது

1991-இல் ஆல்ப்ஸ் மலையில், பனியில் உறைந்து கிடந்த பழங்கால மனிதர் ஓட்ஸியின் உடல் தென்பட்டபோது, அண்மையில் இறந்த மலையேறி என்றே நினைத்தார்கள். காற்றழுத்தத் துளைப்பான் போட்டு எடுக்க முயன்றதில் இடுப்பு சேதமானது. அவர் ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியலாளர்களுக்குச் சொல்லுங்கள். கை வைக்காதீர்கள்.

லைடாரில் தெரியும் கோடுகளையெல்லாம் பழைய தடம் என்பது

லைடார் என்பது லேசர் ஒளியால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை. அதில் ஆடுமாடு ஏறிய வழியும் மரம் இழுத்த வழியும் அப்படியேதான் தெரியும். தாங்குசுவரையோ, பாவிய கல்லையோ, தேய்ந்த படியையோ நேரில் பார்க்கும்வரை வரைபடத்தில் புள்ளிக்கோடுதான் போட வேண்டும்.