லாரிக்கு ஹப் அடாப்டர்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரத்தின் பாரத்தை ஸ்டட்கள்தான் (நட் மாட்டும் மரைக்கம்பிகள்) தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டட்டின் வேலை ரிம்மை ஹப்போடு, அதாவது அச்சின் முனையில் சுழலும் நடுப்பகுதியோடு, அழுத்திப் பிடிப்பது. அந்தப் பிடியால் வரும் உராய்வுதான் மேடுபள்ளத்தின் உதையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டும் வட்டத் துண்டுதான் அடாப்டர். அதைப் போட்டால், ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடும். கீழே வரும் தவறுகளில் பலவும் இந்த இரண்டில் ஒன்றின் பிடியைத் தளர்த்துபவைதான்.

முதல் தவறு கடையிலேயே நடக்கிறது. "பத்து ஓட்டைதானே, சரியாக இருக்கும்" என்று வாங்கிவிடுகிறார்கள். பத்துத் துளை ரிம்மிலேயே பிசிடி (துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம்) 335 மி.மீ. உள்ளதும் உண்டு, 285.75 மி.மீ. உள்ளதும் உண்டு. நடுத்துளையும் முதல் வகையில் சுமார் 281, இரண்டாவதில் சுமார் 220 மி.மீ. கண்ணால் மதிப்பிடாமல், ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து நேரெதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் பிசிடி கிடைத்துவிடும்.

அளவு பொருந்தினால் போதாது, ரிம் எதை வைத்து நடுவில் உட்காருகிறது என்றும் பார்க்க வேண்டும். சில ரிம்கள் ஹப்பின் நடு விளிம்பில் உட்காரும். அவற்றுக்குத் தட்டையான வாஷரோடு வரும் நட். சிலவற்றை நட்டின் உருண்டை முகமே நடுவில் நிறுத்தும். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டாலும் இறுகும். முழுப்பிடி மட்டும் இருக்காது. ஆபத்தே அங்கேதான்.

அடாப்டரின் தடிமனையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள, எடை விழும் கோடு பேரிங்குகளை விட்டு விலகும். வெளிப் பேரிங்கின் சுமை கூடும், அச்சின் முனையை வளைக்கும் விசையும் கூடும். அச்சின் மீது எழுதியிருக்கும் டன் கணக்கு அப்போது அப்படியே பொருந்தாது. முன்சக்கரத்தில் ஸ்டீயரிங்கும் கனக்கும். டயர் பாடியைத் தாண்டி நீட்டுகிறதா என்பதும், உங்கள் ஊர் வாகன விதி அதை அனுமதிக்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

ஸ்டட் நீளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அலுமினிய ரிம் இரும்பு ரிம்மைவிடத் தடிமன். அதனால் இரும்பு ரிம்முக்கு இருந்த பழைய ஸ்டட்டில் நட் பாதி மரைதான் பிடிக்கும். நட்டைத் தாண்டி ஸ்டட் கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும்: ஹப்பின் ஸ்டட் அடாப்டரைத் தாண்டி வந்து ரிம்மில் முட்டும். அதை அறுத்துப் பொருத்துவதைவிட, சரியான தடிமனுள்ள அடாப்டரைத் தேடுவது நல்லது.

மாட்டும்போது, முதலில் துரு. ஹப், அடாப்டர், ரிம் மூன்றின் முகத்தையும் வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். தடித்த பெயின்ட் பூச்சு துருவைவிட மோசம். ஓடும்போது அது நசுங்கி, இறுக்கம் தானாகக் குறையும். எண்ணெய் விஷயத்தில் நட் வகையையும் ரிம் தயாரிப்பாளரின் குறிப்பையும் பார்க்க வேண்டும். வாஷர் நட்டுக்கு மரையில் ஒன்றிரண்டு சொட்டு விடலாம், உருண்டை நட்டுக்குக் கூடாது. எதுவானாலும் முகங்களில் படவே கூடாது.

நட்டைத் தட்டித் தட்டி இறுக்கும் மெஷினான இம்பாக்ட் கன்னை வைத்து "டர்ர்" என்று முடித்துவிடும் பழக்கத்தை விட வேண்டும். கூடுதல் முறுக்கில் ஸ்டட் இழுபட்டு நீளும், வெளியே ஒன்றும் தெரியாது. எதிரெதிராக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். 22 மி.மீ. ஸ்டட்டும் வாஷர் நட்டும் உள்ள ரிம்களுக்கு 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அடாப்டர் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி.

அப்புறம், 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பலர் வெளி நட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே ஹப்போடு அடாப்டரைப் பிடிக்கும் நட்டுகள் ரிம்முக்குப் பின்னால் இருந்தால், சக்கரத்தைக் கழற்றித்தான் பார்த்தாக வேண்டும். வேலை இரட்டிப்புதான், வேறு வழியில்லை. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் இணைப்பு தளர்ந்திருக்கலாம், உடனே பாருங்கள். ஒரு ஸ்டட் உடைந்திருந்தால் அதன் இருபுறத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டோ அதற்கு மேலோ போயிருந்தால் அந்தச் சக்கரத்தின் ஸ்டட் அத்தனையையும்.