குழம்பில் காரம் ஏறிவிட்டால்

போன ஞாயிறு கோழிக் குழம்பில் மிளகாய்த் தூள் டப்பாவின் மூடியே கழன்று விழுந்துவிட்டது. யாங்கோன் வெயிலில் அந்தக் காரம் வேறு! விருந்தாளி வர அரை மணி நேரம்தான் இருந்தது.

அவசரத்தில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். குழம்பு நீர்த்துப் போவதுதான் மிச்சம். அதனால் முதலில் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பர்மியச் சமையல் மாதிரி எண்ணெய் பிரிந்து மேலே சிவப்பாக நிற்கும். அதை இரண்டு மூன்று கரண்டி வழித்தெடுங்கள். பாதி வேலை முடிந்தது. (எண்ணெயைக் கொட்டாதீர்கள், மறுநாள் முட்டை வறுக்க ஆகும்.)

அப்புறம் அரை டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். சிறு தீயில் சூடாக்கினால் போதும், தளதளவெனக் கொதித்தால் திரிந்துவிடும். குழம்பு இளகிவிட்டதா? வறுத்த கடலை மாவு ஒரு ஸ்பூன் கரைத்து விடுங்கள். பர்மியத் தேங்காய்ப்பால் நூடுல்ஸான ஒன்னோ கவுசுவேயைக் கெட்டியாக்குவதும் கடலை மாவுதானே!

புளி ஊற்றிய மீன் குழம்புக்குச் சின்னத் துண்டு பனைவெல்லம் சரியாக இருக்கும்.

உருளைக்கிழங்கு காரத்தை உறிஞ்சும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குழம்பின் அளவு கூடுகிறது, அவ்வளவுதான். கடைசியில் உப்பு பார்க்க மறக்காதீர்கள்.