பையர் மெயில் வரலையா? முதலில் லாக்கைப் பாருங்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் சொந்த டொமைனில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது. பையர் ஆர்டர் அனுப்பிவிட்டேன் என்கிறார், இங்கே இன்பாக்ஸ் காலி. ஸ்பாம் ஃபோல்டரைத் துழாவும் முன், சர்வரின் மெயில் லாக்கில், அதாவது வந்த, போன மெயில்களின் பதிவேட்டில், அவர் முகவரியைத் தேடுங்கள்.

450 என்ற எண்ணோடு கிரேலிஸ்ட் என்று இருந்தால், மெயில் தொலையவில்லை. கிரேலிஸ்ட் வேலையைச் செய்யும் போஸ்ட்கிரே என்ற நிரல் புது அனுப்புநரை இயல்பாக 300 விநாடி காக்க வைக்கும்; ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், ஸ்பாம் நிரல்கள் பெரும்பாலும் வராது. வம்பு எங்கே என்றால், பெரிய மெயில் சேவைகள் ஒவ்வொரு முறையும் வேறு ஐபியிலிருந்து வரலாம். அந்த ஐபி முகவரிகளின் தொகுதியே மாறிவிட்டால் மறுபடி புது ஆள் கணக்குதான், மெயில் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். போஸ்ட்கிரேயின் கிளையன்ட் வைட்லிஸ்ட், காக்க வைக்காமல் விட வேண்டிய சர்வர்களின் பட்டியல்; அதில் பையரின் மெயில் டொமைனைப் போட்டால் பெரும்பாலும் பலிக்காது. லாக்கில் தெரியும் அனுப்பும் சர்வரின் பெயரைப் போட்டு ரீலோட் செய்யுங்கள்.

552 என்றால் அளவு. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். மெயிலோடு வரும் ஃபைல், அனுப்புவதற்கான குறியாக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். 8 எம்பி டிசைன் ஃபைலே திரும்பிப் போகும். வரம்பை உயர்த்தும்போது, மெயில்பாக்ஸ் வரம்பு அதைவிடக் குறையாமல் பாருங்கள்.

லாக்கில் டெலிவரி ஆகியிருந்தால் அப்போது ஸ்பாம் ஃபோல்டர். ஸ்பாம் வடிகட்டும் நிரலான ஸ்பாம்அசாசின் இயல்பாக 5 மதிப்பெண்ணில் முத்திரை குத்தும். எந்தெந்த விதிகளில் சிக்கியது, மொத்தம் எத்தனை மதிப்பெண் என்பது மெயிலின் ஹெட்டரில் இருக்கும். எல்லோருக்குமாக 5-ஐ 8 ஆக்காதீர்கள். மெயில் நிஜமாகவே அந்த டொமைனிலிருந்துதானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சோதனையில் தேறினால் மட்டும் விடும் வைட்லிஸ்டில் பையரைச் சேருங்கள். வெறும் முகவரியை நம்பி விட்டால், அவர் பெயரிலேயே 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று போலி மெயில் நேரே அக்கவுண்ட்ஸ் மேசைக்கு வந்துவிடும்.